குர்லா சாலையோரத்தில் வாங்கிய அம்மி: எட்டு மாதம் அரைத்துப் பார்த்தபின்

குர்லா மேற்கில், எல்.பி.எஸ். சாலையோரம், நடைபாதையை ஒட்டி ஒரு நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கும். அதற்குக் கீழே முழுக்கக் கல். அம்மி, குழவி, ஆட்டுக்கல், பூண்டு நசுக்குகிற சின்ன இடிகல், சாமி பீடம் என்று அடுக்கியிருப்பார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பெரியவர் உளியோடு உட்கார்ந்திருப்பார், அவர் மனைவி வியாபாரம் பார்ப்பார். இவர்களிடம் போன தீபாவளிக்கு முன்னால் ஓர் அம்மி வாங்கினேன். எட்டு மாதம் அரைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மும்பையில் அம்மி வேண்டுமென்றால் ஊரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வரத் தேவையில்லை. இந்த ஊர்க் கல்லே போதும், நன்றாகவே அரைக்கிறது. ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மத்திய ரயில்வேயில் 34 வருடம் தண்டவாளப் பராமரிப்பு வேலை. கேங்மேனாகச் சேர்ந்து, கீமேன், மேட் என்று வந்து ஓய்வு பெற்றேன். இப்போது இருப்பது சயான் கோலிவாடாவில். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற ஜல்லியை வேலைக்காலம் முழுவதும் அள்ளியிருக்கிறேன், பரப்பியிருக்கிறேன், பீட்டர் என்கிற இரும்புக் கருவியால் குத்தியிருக்கிறேன். அதனால் எங்கே கல்லைப் பார்த்தாலும் கை தானாகப் போய்த் தொட்டுவிடும்.

வீட்டில் மிக்ஸி இருக்கிறது. சட்னிக்கு அது போதும். ஆனால் காணத்துவையலை, அதாவது கொள்ளுத்துவையலை, மிக்ஸியில் அரைத்துச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அது துவையல் ஆகாது. காணம் ஒரு பக்கம் மாவாகிவிடும், மிளகாய்த் தோல் இன்னொரு பக்கம் முழுசாக நிற்கும். அம்மாவின் அம்மி ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறது, அதை நான் கேட்க மாட்டேன். சரி, இங்கேயே வாங்கலாம் என்று பார்த்தபோது, மகள் முதலில் ஓர் இணையக் கடையில் ‘இயற்கை எரிமலைக்கல்’ என்று போட்டிருந்த இடிகல்லை வரவழைத்தாள். பார்க்கக் கன்னங்கரேலென்று அழகாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், துணி கறுப்பாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன், இன்னும் கறுப்பு வந்தது. சாயம் போனபின் உள்ளே வெளிறிய சாம்பல் நிறம். நகத்தால் கீறினால் மாவு உதிர்ந்தது. மாக்கல் மாதிரி ஏதோ மெதுவான கல்லில் குடைந்து கறுப்பு பூசியிருக்கிறார்கள். அதில் நசுக்கிச் சாப்பிட்டிருந்தால் பாதிக் கல் வயிற்றுக்குள் போயிருக்கும். திருப்பி அனுப்பினோம், கூரியர் செலவு எங்கள் தலையில். அந்தக் கோபத்தில்தான் நேரே கல் அடிக்கிறவர்களிடமே போனேன்.

கடைக்காரம்மாவும் பெரியவரும் வடார் சமூகத்தவர். தலைமுறை தலைமுறையாகக் கல் வேலை பார்க்கிறவர்கள். நம் பக்கம் ஒட்டர் என்று சொல்வோமே, அவர்கள்தான். தங்களுக்குள் தெலுங்கு கலந்து பேசிக்கொள்கிறார்கள், எங்களிடம் மராட்டியும் இந்தியும். தாராவியில் தலையில் சுமந்து விற்றுப் பழகியதால் அந்த அம்மாவுக்குத் தமிழும் வருகிறது. நான் ஒரு கல்லைக் குனிந்து பார்த்ததுமே, “அண்ணா, இது மிஷின் கல்லு இல்ல, கைல அடிச்சது. தண்ணி ஊத்திப் பாரு” என்றார். குடத்தையும் அவரே நகர்த்திக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தப்பான கல்லை விற்கிறவர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்ல மாட்டார்.

ஏன் என்று சொல்கிறேன். கல்லில் தண்ணீர் ஊற்றினால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். எங்கேயாவது மயிரிழை விரிசல் இருந்தால் அது மட்டும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கறுப்புக் கோடாகத் தெரியும். காய்ந்த கல்லில் அந்தக் கோடு கண்ணில் படாது. அப்படிப்பட்ட அம்மியை வாங்கினால், ஒருநாள் குழவி கை தவறி விழும்போது அந்தக் கோட்டிலேயே இரண்டாகும்.

அடுத்தது சத்தம். அம்மியை இரண்டு கட்டையின் மேல் தூக்கி வைக்கச் சொல்லி, ஓரத்தில் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல கல் வெண்கலச் சட்டி மாதிரி கணீரென்று சொல்லும். உள்ளே உடைசல் இருந்தால் ‘தொப்’ என்று அடங்கிவிடும். கீமேன் வேலையில் இது எங்களுக்குத் தினசரிப் பாடம். தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற சாவிகளைத் தட்டிக்கொண்டே நடப்போம், தளர்ந்திருந்தால் கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும்.

மூன்றாவது, வெள்ளைப் புள்ளி. இதுதான் முக்கியம், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

மும்பையில் அம்மி அடிக்கிற கறுப்புக் கல் பசால்ட். எரிமலைக் குழம்பு தரையில் வழிந்து ஆறி இறுகியது. குழம்பு மேலே வரும்போது அதில் கரைந்திருக்கிற வாயு, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழாகக் கிளம்பும். ஆறுகிற நேரத்தில் வெளியே போக முடியாத குமிழ்கள் கல்லுக்குள் ஓட்டையாகவே நின்றுவிடும். அப்புறம் நெடுங்காலம் சுடுதண்ணீர் அந்தக் கல்லுக்குள் ஊறி ஊறி, அந்த ஓட்டைகளில் வேறு தாதுக்களைக் கொண்டுவந்து நிரப்பும். சியோலைட், சுண்ணாம்பு வகைக் கால்சைட் எல்லாம் அப்படி வருகிறவை. அதுதான் கறுப்புக் கல்லில் தெரிகிற வெள்ளைப் பொட்டு. பார்க்க அழகு. மும்பை, புனே பக்கத்துக் குவாரிகளில் கிடைத்த இந்த மாதிரிப் படிகங்களை உலகம் முழுக்கச் சேகரிக்கிறவர்கள் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அரைக்கிற கல்லில் அது ஆகாது. சுற்றியிருக்கிற பசால்ட்டைவிட அந்தப் பொட்டு மெதுவானது. அரைக்க அரைக்க அது முதலில் உதிரும், உதிர்ந்து துவையலில் விழும். அப்புறம் அந்த இடம் குழியாகி, நேற்று அரைத்த தேங்காய் அதில் தங்கிப் புளிக்கும்.

சாவி முனையால் ஒரு பொட்டைக் கீறிப் பார்த்தேன், வெள்ளைத் தூள் வந்தது. “அம்மா, புள்ளி இல்லாத கல்லு இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு. ஆனா புள்ளி இருக்கறதுதான் சீக்கிரம் போகுது அண்ணா. ஜனங்க அழகா இருக்குன்னு எடுக்கறாங்க.”

பின்னால் கோணி மூடிக் கிடந்த அம்மியைப் பெரியவர் புரட்டிக் காட்டினார். ஒரே சீரான கறுப்பு, கொஞ்சம் பச்சை ஓடின மாதிரி. புள்ளியும் இல்லை, ஓட்டையும் இல்லை. தலைப்பக்கம் சற்றே கூம்பி, அடியில் கால் மாதிரி நான்கு மேடு விட்டிருந்தது. மராட்டியில் இதற்குப் பாட்டா, குழவிக்கு வர்வண்டா. நீளம் 40 செ.மீ., அகலம் 25, கனம் 6. வீட்டில் எடை போட்டபோது அம்மி மட்டும் 17 கிலோ. அந்த அளவுக் கல்லுக்கு அது சரியான எடை. பசால்ட் தண்ணீரைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். இதே அளவில் 13, 14 கிலோ காட்டினால் உள்ளே ஓட்டை அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விலை 1,500 சொன்னார்கள், குழவியோடு 1,350க்குக் கொடுத்தார்கள். அதற்குக் கீழே நான் கேட்கவில்லை. ஓர் அம்மியைக் கையால் கொத்தி முடிக்க எத்தனை ஆயிரம் அடி விழுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் உங்களுக்கும் கேட்க வாய் வராது.

இந்தக் கல்லோடு எனக்குப் பழைய பழக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். ரயில்வே ஜல்லி பெரும்பாலும் இந்தப் பக்கம் இதே பசால்ட்தான். 65 மி.மீ. சல்லடைக்கும் 20 மி.மீ. சல்லடைக்கும் இடைப்பட்ட அளவு, முனை கூராக இருக்க வேண்டும், உருண்டையாக இருக்கக் கூடாது. இரும்பு உருளைக்குள் எஃகுக் குண்டுகளோடு போட்டுச் சுழற்றிச் சோதிப்பார்கள், நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் தேய்ந்தால் அந்த ஜல்லியை ஏற்க மாட்டார்கள். ரயில் ஓடும்போது ஒரு கல் இன்னொரு கல்லை அரைத்துக்கொண்டேதான் இருக்கும், தேய்கிற கல் மாவாகித் தண்ணீர் வடிவதை அடைத்துவிடும். அம்மிக்கும் அதே கணக்கு.

கசாராவிலிருந்து இகத்புரி ஏறுகிற தால் காட்டில் சில வருடம் வேலை பார்த்தேன். 37 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் பாதை, வண்டிக்குப் பின்னால் பாங்கர் இன்ஜின் போட்டுத் தள்ளுவார்கள். மலையை வெட்டிய இடங்களில் பாறை அடுக்கு அடுக்காகத் தெரியும். ஒரு மழைக்காலத்தில், ரோந்து முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் செக்ஷன் இன்ஜினியர் சொன்னார், ஒவ்வோர் அடுக்கும் ஒரு தடவை வழிந்த எரிமலைக் குழம்பு என்று. 6.6 கோடி வருடத்துக்கு முந்தியது. பெரும்பாலும் கூம்பு மலை வெடித்து வந்ததில்லை, தரை நீளநீளமாகப் பிளந்து பொங்கி வழிந்தது. வழிந்து ஆறி, அதன் மேல் வழிந்து ஆறி, மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கிறது. இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. ஆங்கிலத்தில் டெக்கான் டிராப் என்கிறார்களே, அந்த டிராப், படிக்கட்டு என்று பொருள்படும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்தது. மலை படிப்படியாக இருப்பதால் அந்தப் பெயர். 1853இல் போரிபந்தரிலிருந்து தாணேக்கு ஓடிய, இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் இந்தப் பாறை நிலத்தின் மேல்தான் ஓடியது. நான் அதுவரை ஜல்லியை ஜல்லியாகத்தான் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து ஒரு கல்லைக்கூட வெறுமனே தூக்கிப் போட முடிந்ததில்லை.

சந்தேகம் இருந்தால் அந்தேரி மேற்கில் கில்பர்ட் ஹில் போய்ப் பாருங்கள். நகரத்துக்கு நடுவில் 60 மீட்டர் உயரத்துக்குக் கறுப்புக் கம்பங்களைக் கட்டிவைத்த மாதிரி நிற்கும். குழம்பு ஆறும்போது சுருங்கி, வயல் சேறு காய்ந்து வெடிக்குமே அதே மாதிரி வெடித்து, அந்த வெடிப்பு மேலிருந்து கீழ்வரை இறங்கித் தூண் தூணாக ஆனது. உச்சியில் காவ்தேவி கோயில், படியேறிப் போகலாம். சுற்றிக் கட்டடங்கள் நெருக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் மனசு பதைக்கிறது.

சரி, அம்மிக்கு வருவோம்.

நம் ஊர் அம்மிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டையும் கருங்கல் என்றுதான் சொல்கிறோம், ஆனால் கல் வேறு. நம் பக்கத்துக் கருங்கல் எரிமலைக்கல் இல்லை. பூமிக்குள் ஆழத்தில் மெதுவாக உருவானது, அதனால் மணி மணியாக, பளபளப்புத் துகளோடு இருக்கும். பல்லாவரம் கல் என்று சென்னைப் பக்கம் சொல்கிற கறுப்புக் கல்கூட அந்த வகைதான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற பழைய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் சமாதிக்கு அந்தக் கல்லைப் போட்டிருந்ததால், புவியியல்காரர்கள் அதற்குச் சார்னோகைட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பசால்ட் அப்படியில்லை, வெளியே வந்து வேகமாக ஆறியதால் மணி கண்ணுக்கே தெரியாத பொடி.

இது அரைக்கும்போது கையில் தெரிகிறது. அம்மாவின் அம்மியில் குழவி ‘கரகர’ என்று போகும், இதில் ‘சரசர’ என்று போகிறது. துவையல் இன்னும் நைசாக வருகிறது. காணத்தை வறுத்து, மிளகாய், புளி, தேங்காய், உப்பு வைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தேன். பத்தே நிமிடம், வழித்து உருட்டினால் கையில் ஒட்டாமல் உருண்டையாக நின்றது. வீட்டில் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, “ஏங்க, அத்தை வச்ச மாதிரியே இருக்குங்க” என்றாள். மீன் குழம்புக்குத் தேங்காயும் சின்ன வெங்காயமும் அரைத்தாலும் அப்படித்தான், குழம்பு பிரிந்து நிற்காது. பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா வந்து பச்சைமிளகாய், பூண்டு, வேர்க்கடலை வைத்துத் தேச்சா நசுக்கிக் கொடுத்தார். அதற்கென்றே பிறந்த கல் இது. மாவாக அரையாமல், ஒன்றோடொன்று நசுங்கி இறங்கியது.

மெக்சிகோக்காரர்கள் மோல்காஹேத்தே என்று ஓர் அரைகல் வைத்திருக்கிறார்கள், அதுவும் பசால்ட்தான். ஆனால் வேண்டுமென்றே ஓட்டை நிறைந்த கல்லாக எடுப்பார்கள். ஓட்டையின் விளிம்பே பல்லாகி அரைக்கும், தேயத் தேயப் புது ஓட்டை திறக்கும், கொத்த வேண்டிய தேவை குறைவு. நல்ல யோசனை. இருந்தாலும் தினமும் தேங்காய் அரைக்கிற வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், இந்த ஊர் ஈரத்தில் அந்த ஓட்டைகளைச் சுத்தமாக வைத்திருப்பது கஷ்டம்.

வாங்கியதும் நேரே அரைத்துவிடாதீர்கள். முதலில் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஊறவைத்த பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும். முதல் ஈடு சிமெண்ட் கரைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் வந்தது. மூன்றாவது ஈட்டில் பாதி வெளுத்தது. ஐந்தாவதில்தான் அரிசிமாவு அரிசிமாவாக வந்தது. அப்புறம் கல்லுப்பு ஒரு தடவை, தேங்காய்ச் சக்கை ஒரு தடவை. எனக்கு மூன்று நாள் ஆனது. இரண்டே ஈட்டில் நிறுத்தினால் பல்லில் மண் நறநறக்கும்.

இப்போது குறை. மணி பொடியாக இருக்கிற கல் ஒரே சீராகத் தேயும், சீராகத் தேய்ந்தால் வழவழப்பாகிவிடும். ஊர் அம்மியில் கெட்டியான மணியும் மெதுவான மணியும் கலந்திருப்பதால் தேய்ந்தாலும் சொரசொரப்பு மிஞ்சும், வருடத்துக்கு ஒரு தடவை கொத்தினால் போதும். இந்த அம்மி நான்காவது மாதமே வழுக்க ஆரம்பித்தது. மிளகாய் குழவிக்கு முன்னால் ஓடுகிறது, சிக்க மாட்டேன் என்கிறது. இது கடைக்காரர் குற்றமில்லை, கல்லின் குணம். தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கொத்துவதற்கு மராட்டியில் டாக்கி போடுவது என்கிறார்கள். 17 கிலோவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்று யோசித்தேன். பெரியவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். 150 ரூபாய், பஸ் செலவு தனி. மாடிப்படி முடிகிற இடத்தில் கோணியை விரித்து அம்மியைச் சாய்த்து வைத்துக்கொண்டார். சுத்தியல் அரைக்கிலோகூட இருக்காது. உளியை நிமிர்த்திப் பிடிக்கவில்லை, லேசாகச் சாய்த்துப் பிடித்து ஒரே தாளத்தில் தட்டினார். தட்டும்போது உளி முன்னே போகவில்லை, அவர் மணிக்கட்டுதான் உளியை ஒரு நெல் அளவு பின்னுக்கு இழுத்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அரிசி மூக்கு அளவுக்கு ஒரு குழி. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு வரிசை, அடுத்த வரிசையின் குழிகள் முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக, புள்ளிக்கோலத்தில் இடைப்புள்ளி வைப்பதைப் போல. ஏன் அப்படி என்று கேட்டேன். நேருக்கு நேர் வைத்தால் மசாலா கால்வாயில் ஓடுவதுபோல் நேரே ஓடிவிடும், மாற்றி வைத்தால் ஒவ்வொரு குழியிலும் நின்று நின்று போகும் என்றார். கல்லிலிருந்து லேசாகக் கருகிய வாசனை வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைக் குத்தும்போது வருகிற அதே வாசனை. முக்கால் மணி நேரத்தில் முடித்து, விரலைக் குறுக்கே ஓட்டிப் பார்த்து, ஓர் ஓரத்தில் மட்டும் இன்னும் நான்கு தட்டு தட்டினார்.

அவர் கண்ணுக்குக் கண்ணாடியோ மூக்குக்குத் துணியோ வைத்துக்கொள்வதில்லை. கல்தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. என்னிடம் இருந்த பாதுகாப்புக் கண்ணாடியையும் ஒரு கட்டு முகக்கவசத்தையும் கொடுத்தேன். அடுத்த முறை கடைக்குப் போனபோது கண்ணாடி போட்டிருந்தார். முகக்கவசம் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் போனாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கடையில் இரண்டு மஞ்சள் கல்லும் கிடந்தன. அதில் ஓர் அம்மி அடித்துத் தருவீர்களா என்று கேட்டதற்கு, “அது செவுத்துக்கு அண்ணா, சாப்பாட்டுக்கு வேணாம்” என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். சரியான பதில். எரிமலைக்கல் என்றால் கறுப்பு மட்டும்தான் என்றில்லை. கேட்வே ஆஃப் இந்தியா மஞ்சள் பசால்ட்டில் கட்டியதுதான். மும்பையின் பழைய கட்டடங்களில் பார்க்கிற மலாட் கல் டிராக்கைட், அதுவும் எரிமலை வழிதான். செதுக்க வசதி, பார்க்க அழகு. ஆனால் அரைக்க ஏற்ற கெட்டி இந்தக் கறுப்பில்தான்.

அதே கடையில் ஒரு கூடையில் குதிகால் தேய்க்கிற கல்லும் வைத்திருக்கிறார்கள். இரண்டு வகை. ஒன்று சூளையில் அளவுக்கு மீறி வெந்து உருகிய செங்கல் துண்டு, 20 ரூபாய். இன்னொன்று வெளிறிய சாம்பல் நிறத்தில் நுரைக்கல், பியூமிஸ் என்பார்கள், 60 ரூபாய். வாங்குமுன் குடத்தில் போட்டுப் பார்த்தேன், மிதந்தது. கல் மிதக்குமா என்று பேரன் வாயைப் பிளந்தான். இதுவும் எரிமலைதான், ஆனால் குழம்பு வேறு. மும்பைக் குழம்பு எண்ணெய் மாதிரி ஓடக்கூடியது, வாயு சுலபமாக வெளியே போய்விடும். நுரைக்கல் வருகிற குழம்பு கூழ் மாதிரி கெட்டி, வாயு வெளியே வர முடியாமல் திணறி, வெடித்து, நுரையாகவே உறைந்துவிடும். 1883இல் இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது இந்தக் கல் தீவு தீவாகச் சேர்ந்து இந்துமகா சமுத்திரத்தில் மாதக்கணக்கில் மிதந்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க வைக்கவும் இதையே துணியோடு போட்டுச் சுழற்றுவார்கள். ஜல்லி மேல் நடந்து வெடித்த என் குதிகாலுக்கு இது உண்மையாகவே நல்லது செய்தது. காலை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கல்லையும் நனைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் தேய்க்க வேண்டாம், கால் மரத்திருந்தால் புண்ணாவதே தெரியாது. செங்கல் துண்டை நான் வாங்கவில்லை. முனை கூராக இருந்தது.

மகள் தன் பால்கனித் தொட்டிகளுக்குப் பெர்லைட் வாங்குகிறாள். இது இந்தக் கடையில் இல்லை, நர்சரியில் கிடைக்கும். ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டை, ஊதினால் பறக்கும். இதுவும் எரிமலைக் கண்ணாடிதான். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் சிக்கியிருக்கும். 850, 900 டிகிரியில் சுட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் பொரி பொரிவதுபோல் பொரிந்து, பல மடங்கு உப்பிவிடும். மண்ணில் கலந்தால் வேருக்குக் காற்று கிடைக்கிறது, கறிவேப்பிலைச் செடி நன்றாக வந்திருக்கிறது. எடைக்கணக்கில் விற்றால் வாங்காதீர்கள், ஈரமாக்கி எடை ஏற்றலாம், லிட்டர் கணக்கில் கேளுங்கள். பையைத் திறக்குமுன் தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூசி மூக்கில் ஏறும். நான் ஒரு தொட்டியில் பெர்லைட்டுக்குப் பதிலாகப் பொடி ஜல்லி போட்டுப் பார்த்தேன். தண்ணீர் வடிந்தது, ஆனால் ஈரம் நிற்கவில்லை, தொட்டியைத் தூக்க முடியவில்லை. துளசி வாடியபின் மாற்றிவிட்டேன்.

அந்தப் பெரியவரிடம் இப்போது ஓர் ஆட்டுக்கல்லுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கல் எடுத்துவிட்டார். குழி பாதி ஆழம் இறங்கியிருக்கிறது, புள்ளி ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆழத்தில் வந்தால் அந்தக் கல்லைச் சாமி பீடமாக மாற்றிவிட்டு வேறு கல்லில் தொடங்குவதாகச் சொன்னார். விலை 3,200, முன்பணம் 500 கொடுத்திருக்கிறேன். அவசரப்படுத்தவில்லை.

போகிறவர்களுக்கு: ரொக்கம் கொண்டுபோங்கள், போன் வழியாகவும் பணம் வாங்குகிறார்கள், ஆனால் சில நாள் அந்த அம்மாவின் மகன் இருந்தால்தான் நடக்கும். தடித்த கோணி ஒன்று கையோடு இருக்கட்டும், ஆட்டோக்காரர் இருக்கை கிழியும் என்று ஏற்ற மறுப்பார். குழவியை அம்மியோடு சேர்த்துக் கட்டாதீர்கள், குலுக்கலில் இரண்டும் மோதி மூக்கு உடையும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சாப்பாட்டு நேரம். இப்போது மழைக்காலம், கடை மூடியிருக்குமோ என்று நினைக்க வேண்டாம், தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள். சொல்லப்போனால் கல் வாங்க இதுதான் நல்ல நேரம். மழை விட்டு வெயில் அடிக்கிற அரைமணி நேரத்துக்குள் போங்கள். வெளியே கிடக்கிற அம்மிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வரும். விரிசல் விழுந்த கல்லில் மட்டும் ஈரக்கோடு நின்றுகொண்டிருக்கும், குடத்துத் தண்ணீர்கூடத் தேவைப்படாது.